என் கார்டில் இருக்கும் வெள்ளைக்காரி

1

லால்குடியிலிருந்து என் அண்ணன் மகள் பிலோமி எழுதியிருக்கிறாள். ஐப்பசியில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. "அத்தை, மலாயாவில் வெள்ளைக்காரிகள் பூசுகிற ஸ்நோ அசலாகக் கிடைக்குமாமே, இரண்டு டப்பா அனுப்புங்கள். ஒரு மாதம் பூசினால் நிறமே மாறிவிடுமாம்" என்று கேட்டிருக்கிறாள்.

அனுப்ப மாட்டேன் பிலோமி. அத்தைக்கு மனசில்லை என்று நினைத்தாலும் நினைத்துக்கொள். புடவை கேள், அனுப்புகிறேன். நல்ல குடை கேள், அனுப்புகிறேன். நிறம் மாற்றுகிற டப்பா மட்டும் என் கையால் கப்பல் ஏறாது.

இதை அவளுக்கு மட்டும் எழுதிப் போட்டிருக்கலாம். பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊரில் இருக்கிற உங்களில் பலருக்கு மலாயா என்றால் கறுத்துப் போனவன் சிவந்து திரும்புகிற சீமை என்று ஓர் எண்ணம். நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்து, ஜப்பான்காரன் காலத்தையும் பார்த்துப் பிழைத்துக் கிடப்பவள். வந்தபோது எந்த நிறமோ அதைவிட ஒரு பிடி கூடத்தான் கறுத்திருக்கிறேன். இங்கே வெயில் அப்படி.

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக்குக்குப் போகும் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட்டு அடிக்கும் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி இப்போது முள்கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். சர்க்கார் இதற்கு அவசரகாலம் என்று பெயர் வைத்திருக்கிறது. வருஷக்கணக்கில் நடக்கும் அவசரத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். பயங்கரவாதி இல்லாத வட்டாரம் என்று தீர்மானித்துவிட்டால் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு அதை 'வெள்ளை வட்டாரம்' என்று அறிவிப்பார்கள். எங்கள் வட்டாரம் இன்னும் வெள்ளை ஆகவில்லை. நாங்களும் ஆகவில்லை.

காலையில் ஊரடங்கு எடுத்ததும் வேலியின் கேட்டைத் திறப்பார்கள். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்களும், வேலிக்கு வெளியே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நானும் வரிசையில் நிற்போம். ஒவ்வொருவரும் அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். காவல்காரன் கார்டில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், போகச் சொல்வான். என் கதை அந்தப் படத்தில் தொடங்குகிறது.

2

கார்டு கொடுப்பதற்காக முதன்முதலில் படம் எடுக்க வந்தபோது தோட்டமே திருவிழாக் கோலம் கொண்டது. கல்யாணத்துக்குக்கூடப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் நாங்கள். சர்க்கார் செலவில் படம் என்றதும் பெட்டிக்கு அடியில் கிடந்த பட்டுப்புடவை எல்லாம் வெளியே வந்தது. சர்க்கார் எதற்காக எடுக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. தலையில் கனகாம்பரம் வேறு வைத்துக்கொண்டு போனேன்.

காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலியின் மேல் பெரிய பவுடர் டப்பா. படக்காரர் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, "கறுப்பா இருந்தா காமிரா பிடிக்காதுமா" என்று சொல்லி, பஞ்சால் முகத்தில் ஒற்றி எடுத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் கிழவனுக்கும் ஒரே பஞ்சு, ஒரே ஒற்று. நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தோம். பவுடர் போட்டால்தானே படம் என்பது எங்கள் எண்ணம்.

கார்டுகள் வந்தபோது சிரித்து மாளவில்லை. எண்ணெயில் போடுவதற்கு முன்னால் மாவில் தோய்த்து வைத்த வாழைக்காய்ச் சீவல் மாதிரி தோட்டத்து ஜனம் முழுக்க ஒரே சாயலில் இருந்தது. என் கார்டில் இருந்தவள் யாரோ ஒரு வெள்ளைக்காரி. கழுத்து என்னுடையது, கனகாம்பரமும் என்னுடையது.

சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. கேட்டில் காவலுக்கு நிற்பவர்களை அடிக்கடி மாற்றுவார்கள். ஒருவன் நம் முகத்தைப் பழகிக்கொள்வதற்குள் வேறொருவன் வந்து நிற்பான். அப்படி வந்த ஒருவன் என் கார்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பவும் கார்டைப் பார்த்துவிட்டு, "இனி புக்கான் அவாக்" என்றான். இது நீ இல்லை என்று அர்த்தம். நான்தான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவன் துப்பாக்கியால் பெஞ்சைக் காட்டினான். தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி எழுந்து, குளித்து, சைக்கிளில் வந்து, "எங்க வாத்தியாரம்மாதான்" என்று உறுதி சொல்லும் வரை நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

எனக்கு மட்டும் நடந்ததல்ல இது. பலருக்கு நடந்தது. அதற்கு எங்கள் ஜனம் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். தினமும் கேட்டுக்குப் போவதற்கு முன்னால் முகத்தில் பவுடரை அப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள்! கார்டில் இருப்பவள் மாதிரி ஆகிவிட்டால் தொந்தரவில்லை அல்லவா? பக்கத்து வீட்டு மாரியாயி பால்மரம் வெட்டுகிறவள். விடிவதற்கு முன் கண்ணாடிச் சில்லை வைத்துக்கொண்டு பூசிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாரியாயி இது, மரம் வெட்டப் போறியா, கூத்துக்குப் போறியா?"

"நீங்க ஒண்ணு டீச்சர். கார்டுல இருக்கிறவ மாதிரி இருந்துட்டா வம்பில்ல பாருங்க. நேத்து என்னைய பெஞ்சுல ஒக்கார வச்சுட்டான். மண்டோரு அரை நாள் சம்பளத்தப் புடிச்சுட்டாரு."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மண்டோர் என்கிற கங்காணி பிடித்துக்கொண்ட அரைநாள் கூலி அவளுக்குப் பெரிது. கேட்டைத் தாண்டி நாலு மரம் வெட்டுவதற்குள் வேர்வையில் பவுடர் கரைந்து கழுத்துக்கு இறங்கிவிடும். அது கேட்டைத் தாண்டும் வரை தாங்கினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. நான் மட்டும் பூசவில்லை. என் முகத்துக்குப் பொருந்த வேண்டியது கார்டு. கார்டுக்குப் பொருந்த என் முகத்தை வெள்ளையடிக்க நான் என்ன சுவரா? அதனால் புதுக் காவல்காரன் வரும்போதெல்லாம் எனக்குப் பெஞ்சு நிச்சயம்.

3

ஒரு நாள் என் நாத்தனாரைப் பார்க்கப் புறப்பட்டேன். அவள் ஈஜோக் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருக்கிறாள். பிள்ளை பெற்றிருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டப் பயத்தம்பயறு அரைத்து ஒரு சின்ன மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டேன்.

கேட்டில் பெண்களைச் சோதனை போட ஒரு மலாய்க்கார அம்மாள் உண்டு. நல்லவள். என்னை 'சேகு' என்று மரியாதையாகக் கூப்பிடுவாள், வாத்தியார் என்று பொருள். மூட்டையை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். மாவு என்றால் உணவுப் பொருள். பர்மிட் இல்லாமல் உணவுப் பொருள் வேலியைத் தாண்டக் கூடாது. குழந்தைக்குப் பூசுகிற மாவு என்று கன்னத்தில் தேய்த்துக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. அவள் கன்னத்திலேயே அரிசி மாவில் செய்த குளிர்ச்சிப் பவுடர் வட்டமாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "மாஃப், சேகு" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மூட்டையைச் சாக்கடையில் கொட்டினாள். அவள் என்ன செய்வாள், பின்னால் துப்பாக்கிக்காரன் நிற்கிறான்.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து, காற்சட்டை போட்ட ஒருவர் பெரிய தோல்பெட்டியோடு உள்ளே வந்தார். பெட்டியைத் திறந்தார்கள். ஸ்நோ டப்பா, பவுடர் டின், வாசனைத் தைலம். சாப்பிடுகிற சாமான் ஒன்றுமில்லை. காவல்காரனுக்கு ஒரு குட்டித் தைலப் பாட்டில் கைமாறியது. பெட்டியை மூடிச் சலாம் வைத்து உள்ளே விட்டார்கள். பச்சைக் குழந்தைக்குப் போகிற பயத்தமாவு ஆபத்தாம், இந்தப் பெட்டி ஆபத்தில்லையாம். நான் வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அந்த ஸ்நோக்காரர் அன்று முதல் மாதம் தவறாமல் சம்பள நாளில் லயத்துக்கு வர ஆரம்பித்தார். நம்ம ஆள்தான், தேன் ஒழுகப் பேசுவார். முதலில் அழகு, கல்யாணம், வெள்ளைக்காரத் துரைசாணி என்றெல்லாம் பேசினார். அதற்கு ஜனம் அவ்வளவாக மசியவில்லை. அப்புறம் கேட்டில் நடக்கிற கூத்தைப் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதம் பேச்சு மாறிவிட்டது.

"பவுடரு வேர்வையில போயிரும் தாயி. ஸ்நோ அப்பிடியில்ல, தோலையே மாத்திப்புடும். அப்புறம் கார்டும் நீங்களும் ஒண்ணு. கேட்டுல ஒருத்தன் கேள்வி கேக்க முடியாது. புதுசா கார்டு எடுக்க வேண்டிய புள்ளைங்க இருந்தா இப்பவே பூச ஆரம்பிச்சிருங்க. கறுத்த மொகம் படத்துல விழாது. விழலைன்னா சர்க்காரு சந்தேகப்படும். நாஞ் சொல்றத சொல்லிட்டேன்."

விற்கத் தெரிந்தவர்! ஆசை காட்டிப் போணியாகாத சரக்கைப் பயம் காட்டி விற்றார். அன்றைக்குப் பெட்டி காலியாகத்தான் திரும்பியது.

4

இதையெல்லாம் படித்துவிட்டு, ஊர்ப் பயத்தமாவும் மஞ்சளும்தான் உயர்ந்தவை, சீமைச் சரக்கெல்லாம் விஷம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லால்குடியில் என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் என்ன பாடு படுத்தினார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. பாலாடையும் மஞ்சளும் கலந்து அரைப் பொழுது பூசி வைப்பார்கள். தோல் காந்தும். கழுவினால், "கொஞ்சம் வெளுத்திருக்கா பாரு" என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். என் நிறம் வீட்டுக்கு நேர்ந்த ஒரு கஷ்டம் என்பது போலப் பேசுவார்கள். ஸ்நோக்காரர் காசுக்குச் சொல்வதை அவர்கள் காசில்லாமல் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான்.

பூசிக்கொள்வதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஒரு திராவகம் ஊற்றுவார்கள். அது பட்டு என் வீட்டுக்காரரின் விரல் நுனியெல்லாம் வெடித்துப் பிளந்திருக்கும். அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறேன். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தால் மருந்துக்கடையில் வெள்ளை வாசலைன் வாங்குகிறேன். அது சீமைச் சரக்குதான், விரல் ஆறுகிறது, வாங்குகிறேன். தலைக்குச் சீயக்காய் கிடைத்தால் சீயக்காய், கிடைக்காவிட்டால் சோப்பு. எதை வாங்கினாலும் இது எனக்கு எதற்கு என்று கேட்டுக்கொள்வேன். வலிக்கா, வறட்சிக்கா, அழுக்குக்கா? அதற்குப் பதில் இருந்தால் கடைக்காரனிடம் இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பேன். அவன் முழித்தால் திரும்பி வந்துவிடுவேன். வாங்கி வந்ததையும் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்த்த பிறகுதான் முகத்துக்கு. பிலோமி, இவ்வளவுதான் உன் அத்தையின் அழகுக் குறிப்பு.

ஸ்நோக்காரரின் டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று நான் கேட்டேன். "அது கம்பெனி ரகசியம் டீச்சர்" என்றார். நான் உங்களைப் போல முட்டாள் இல்லை என்கிற சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

5

இத்தனை கெட்டிக்காரத்தனமும் என் வீட்டுக்குள்ளேயே செல்லுபடியாகவில்லை.

எனக்கு ஒரே பெண், லூர்து. கோலசிலாங்கூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கே இங்கிலீஷ், பஸ்ஸில் மலாய், வீட்டில் தமிழ், அதுவும் நான் விரட்டினால்தான். பன்னிரண்டு வயது ஆனதும் பிள்ளைகளும் கார்டு எடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். லூர்துக்கு அந்த வயது வந்துவிட்டது. படம் எடுக்கிற கூட்டம் அடுத்த மாதம் தோட்டத்துக்கு வருகிறது என்று ஆபீசில் ஒட்டிவிட்டார்கள்.

சில நாட்களாகவே அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தாவணியை முக்காடு மாதிரி இழுத்து விட்டுக்கொண்டு திரிந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும்போது முக்காட்டை விலக்கினேன். இரண்டு கன்னமும் செக்கச் செவேலென்று தோல் உரிந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. அவள் துணிப்பெட்டியைக் கவிழ்த்தேன். பாதி காலியான ஸ்நோ டப்பா உருண்டு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசைச் சேர்த்து வாங்கியிருக்கிறாள்.

கை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை.

"அடிங்கம்மா. ஆனா டப்பாவ மட்டும் தூக்கிப் போட்றாதீங்க. இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குலா."

"எதுக்குடி கொஞ்ச நாள்?"

"படம் எடுக்க. நான் உங்கள விட கறுப்பு. எம்மூஞ்சி படத்துல விழாது. விழலைன்னா கார்டு குடுக்க மாட்டாங்க. கார்டு இல்லாதவங்கள லோரில ஏத்தி, கப்பல்ல போட்டு, உங்க ஊருக்கு அனுப்பிடுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். ஸ்நோ மாமாவும் சொன்னாங்க. எனக்கு அங்க யாரையும் தெரியாதும்மா. நான் போகமாட்டேன்."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. அழகாக வேண்டும் என்று பூசியிருந்தால் நான் திட்டித் தீர்த்திருப்பேன். நாடு கடத்திவிடுவார்கள் என்று பயந்து என் பிள்ளை தன் தோலை உரித்துக்கொண்டிருக்கிறாள். 'உங்க ஊர்' என்று அவள் சொன்னதும் நெஞ்சில் ஓர் அடிதான். நான் எழுதும் கடிதங்களைப் படித்து லால்குடியில் எல்லோரும் அவளை நம்ம பிள்ளை என்று கொஞ்சுகிறார்கள். அவளுக்கு லால்குடி என்பது கார்டு இல்லாதவர்களை அனுப்புகிற தண்டனைத் தீவு.

டப்பாவின் மேல் இங்கிலீஷில் ஏதோ பொடி எழுத்தில் இருந்தது. "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்றேன். படித்தாள். இரவில் பூசவும். பூசிய பிறகு வெயிலில் போகாமல் இருக்கவும்.

"வெயில்ல போகக் கூடாதா? தோட்டத்துல எவடி வெயில்ல போகாம இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கன்னம் எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. டப்பாவை மட்டும் அவள் கையிலிருந்து வாங்க முடியவில்லை. நானும் பிடுங்கவில்லை. பூசாமல் இருந்தால் போதும் என்று சொல்லி, தேங்காயெண்ணெய் தடவி விட்டேன். படம் எடுக்கிற நாள் வந்தால் என்ன செய்வாளோ என்று எனக்குத் தெரியவில்லை.

6

முதலில் என் கார்டைச் சரி செய்வோம், பவுடர் இல்லாத படமும் விழும் என்று அவள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தேன். லீவு போட்டு அவளையும் கூட்டிக்கொண்டு கோலசிலாங்கூர் போனேன். தோட்டத்து ஆபீசில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். ஸ்டேஷனில் கார்டு பதிவு செய்கிற ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மத்தியானம் வரை பெஞ்சு. பெஞ்சு எனக்குப் பழக்கம்தான்.

குமாஸ்தா மலாய்க்காரர். நானே பேசுகிறேன் என்று லூர்துவை அடக்கிவிட்டு, படத்தில் இருப்பது என் முகம் இல்லை என்பதை மலாயில் சொல்ல முயன்றேன். என் வாயில் வந்தது, "மூக்கா சாயா ஹிலாங்" என்பது. என் முகம் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. லூர்து வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் அவளே வந்து என் பக்கத்தில் நின்று சரளமாக மலாயில் எடுத்துச் சொன்னாள். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விதியைச் சொன்னார். கார்டு தொலைந்தால் வேறு கார்டு உண்டு. கார்டு கிழிந்தாலும் உண்டு. முகம் சரியில்லை என்பதற்கு விதி இல்லை.

"அப்ப இந்தக் கார்டத் தொலைச்சுட்டு வரட்டுமான்னு கேளு."

"வேணாம்மா. வேணும்னு தொலைச்சா ஜெயிலாம்."

பஸ் ஏறித் திரும்பினோம். தோட்டத்துக் கேட்டில் அன்றைக்குப் பார்த்துப் புதிய காவல்காரன். வழக்கம் போல என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தான். லூர்துக்கு இன்னும் கார்டு கிடையாது, பள்ளிக்கூடச் சீட்டு போதும், போகலாம் என்றான். அவள் போகவில்லை. கிராணி வரும் வரை வெயிலில் என் பக்கத்திலேயே நின்றாள். என் கார்டை என் கையிலிருந்து வாங்கி அந்த வெள்ளைக்காரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

படம் எடுக்கிற கூட்டம் எங்கள் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் வந்து இறங்கியது. படக்காரர் கிள்ளானிலிருந்து வந்த தமிழர், வேறு ஆள். பவுடர் டப்பா மட்டும் அதே மாதிரி முக்காலியில் உட்கார்ந்திருந்தது. வரிசையில் பாதிப் பிள்ளைகளை வீட்டிலேயே வெள்ளையடித்துக் கூட்டி வந்திருந்தார்கள்.

லூர்துவின் கன்னம் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. காலையில் முகம் கழுவித் தலை பின்னிக்கொண்டு என்னோடு வந்தாள். பவுடர் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. கையைப் பிடித்துத் தடுத்தால் நானும் அந்த ஸ்நோக்காரரும் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஜன்னல் ஓரம் போய் நின்றேன். அவள் முறை வந்தது. முக்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். படக்காரர் பஞ்சை எடுத்தார்.

"வேணாம் அங்கிள்."

"கறுப்பா இருக்கேம்மா. படத்துல விழாது."

அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் பயந்தாள்.

"அப்ப அந்தக் கதவத் தெறங்க அங்கிள். வெளிச்சம் பத்தல."

படக்காரர் என்னைப் பார்த்தார், பிள்ளைக்குப் புத்தி சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போல. நான் போய்க் கிழக்குப் பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினேன். தகரக் கதவு கிறீச்சிட்டுத் திறந்ததும் காலை வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. கண்ணைச் சுருக்கினாள், அப்புறம் விரித்தாள்.

"வீணாப் போனா நான் பொறுப்பில்ல" என்றார் படக்காரர்.

"போனா இன்னொண்ணு எடுங்க. மூஞ்சி இங்கதான் இருக்கும்" என்றேன் நான்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்தார். அவளுக்கு அடுத்து வரிசையில் நின்ற மாரியாயியின் மகன் நாற்காலிக்கு வருவதற்குள் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். சிலர் செய்தார்கள். பவுடர் டப்பாவும் திறந்துதான் இருந்தது.

கார்டு சில வாரங்கள் கழித்து வந்தது. படம் விழுந்திருந்தது! தழும்பு, மூக்கு மச்சம், என்னிடமிருந்து அவளுக்குப் போன மேடேறிய நெற்றி, எல்லாம். அவள் அதை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். நானும்தான்.

மறுநாள் காலையில் இருவரும் ஒன்றாகக் கேட்டுக்குப் போனோம். காவல்காரன் புது ஆள், இன்னும் மீசை முளைக்காத பையன். லூர்துவின் கார்டை வாங்கினான், ஒரு தரம் பார்த்தான், கொடுத்துவிட்டான். அவள் வெளியே போய்விட்டாள். பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அடுத்து நான். கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பக் கார்டைப் பார்த்தான். அப்புறம் பெஞ்சைக் காட்டினான்.

நான் பெஞ்சுப் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் லூர்து திரும்பி வந்துவிட்டாள். பஸ் நின்று ஹாரன் அடித்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கார்டைக் காவல்காரன் முகத்துக்கு நேரே நீட்டி மலாயில் படபடவென்று சொன்னாள். நான் புரிந்துகொண்ட அளவில் தமிழில் தருகிறேன்.

"அவங்க எங்கம்மா. அந்தக் கார்ட விடுங்க, அதுல இருக்கிறது பவுடர். எம்படத்தப் பாருங்க. இப்ப அவங்களப் பாருங்க."

கார்டை என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். அந்தப் பையன் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வழியை விட்டு விலகி நின்றான்.